சகலை வடிகால்

பொறாமைப்படுவதற்கு ஆள் தூரத்தில் இருந்தால் கொஞ்சம் வசதி. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே வேலைக்கு ஒரே நேரத்தில் கிளம்புகிறவன் மேல் பொறாமைப்படுவது கஷ்டமான உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. எங்கள் மேஸ்திரி அந்த உத்தியோகத்தை நான்கு மாதம் ஒருநாள் விடாமல் பார்த்தார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பஸ் கண்டக்டர் வேலை. கீழே முன்பக்கம் மேஸ்திரியும் அவர் மனைவியும். பின்பக்கம் அவர் மனைவியின் தங்கையும் அவள் புருஷனும், அதாவது மேஸ்திரியின் சகலை. அக்கா தங்கை இருவரும் பிரிந்து இருக்க மாட்டோம் என்று அடம்பிடித்துப் பக்கத்துப் பக்கத்தில் குடிவந்தவர்கள். மேஸ்திரி சொன்னதையும், அவர் மனைவி அதில் திருத்தியதையும், படிக்கட்டில் என் காதில் விழுந்ததையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்களுக்கும் வேலை ஒரே யார்டில். ரயில் பாதைக்கும் கிடங்குகளுக்கும் நடுவில் இருக்கும் பெரிய பொட்டல் அது. நகரத்து மழைநீர் வடிகாலுக்கு வேண்டிய கான்கிரீட் சாமான்களை அங்கே அச்சில் ஊற்றிச் செய்வார்கள். ஆளின் இடுப்பளவு அகலத் தொட்டித் துண்டுகள், அவற்றின் மேல் போடும் மூடிகள், மண் தங்கும் குழிகள். துண்டுகளை வரிசையாகப் பதித்தால் தெருவோரம் வடிகால் தயார். மேஸ்திரி அச்சுக்காரர். இருபத்தாறு வருடம். சாயங்காலம் ஊற்றி மறுநாள் காலை ஏழு மணிக்கு அச்சைப் பிரித்தால் துண்டு முனை மழுங்காமல் வரும். தொட்டியைக் கவிழ்த்த வாக்கில்தான் ஊற்றுவார்கள். ஊற்றி முடித்ததும் மேலே தெரியும் அடிப்பாகத்தில், ஈரம் காயும் முன் மேஸ்திரி தன் பெருவிரலை ஒரு அழுத்து அழுத்துவார். கம்பெனி முத்திரையைவிட அதுதான் பெரிது என்று நினைப்பு. நிமிர்த்திப் பதித்துவிட்டால் அது மண்ணுக்குள் போய்விடும், யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்காவிட்டால் என்ன, அது அங்கே இருக்கிறதே என்பார்.

ஊருக்கெல்லாம் வடிகால் செய்கிற இரண்டு பேர் இருந்தும் எங்கள் சந்தில் வடிகால் கிடையாது. அரைமணி மழைக்கே வாசலில் செருப்பு மிதக்கும்.

சகலையை அந்த யார்டில் சேர்த்துவிட்டது மேஸ்திரிதான். ஆறு வருடம் முன்பு, முதலாளியிடம் நேரே கூட்டிப்போய், "நம்ம பையன், படிச்சவன், சோதனை அறையில போட்டுக்குங்க" என்று சொல்லிச் சேர்த்தார். கான்கிரீட்டைச் சின்னக் கட்டையாக ஊற்றி, இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது சகலையின் வேலை. ஆள் அதிகம் பேச மாட்டார். கையில் எப்போதும் ஒரு பலகையும் அதில் செருகிய தாளும். தன் கையால் சேர்த்துவிட்ட ஆளாயிற்றே என்று மேஸ்திரிக்கு முதல் ஐந்தரை வருடம் பெருமையாகவே இருந்தது.

யார்டைக் கவனித்துக்கொண்டிருந்த இன்சார்ஜ் பெரியவர் அந்த வருடத்தோடு ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. கண்ணாடி அறை, மின்விசிறி, சுழல் நாற்காலி. அந்த நாற்காலிக்கு மேஸ்திரி ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். அதற்கென்று ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கி வைத்திருந்தார். கான்கிரீட் வேலையில் கடிகாரம் கட்ட முடியாது. அறையில் உட்கார்ந்தால் கட்டலாம் இல்லையா.

அப்போதுதான் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாநகராட்சியில புது விதி போட்டிருக்காங்க. இனிமே வடிகால் உறுதியா இருந்தா மட்டும் போதாதாம். அதைச் செய்யறதுக்கு வானத்துக்கு எவ்வளவு புகை போச்சுன்னும் பாப்பாங்களாம். பாதிக்குப் பாதி குறைக்கிறவனுக்குத்தான் அடுத்த ரெண்டு வருஷத்து ஆர்டர்."

"நம்ம யார்டுல ஏதுங்க புகை? கிரேன்காரன் பீடிய நிறுத்தினா சரியாப் போச்சு" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள்.

சகலை மட்டும் சிரிக்காமல் தாளைப் பார்த்தபடி சொன்னார். "புகை இங்க இல்லண்ணே. சிமெண்டு ஆலையில. சுண்ணாம்புக்கல்லைச் சுடறப்பவே கரியமில வாயு வந்துருது. ஒரு மூட்டை சிமெண்டுன்னா கிட்டத்தட்ட ஒரு மூட்டை எடைக்கு வாயு. சிமெண்டைக் குறைச்சாத்தான் வழி."

"அரிசியக் குறைச்சுட்டுச் சோறு வடிக்கிற கதையால்ல இருக்கு?"

மறுபடியும் சிரித்தார்கள். மேஸ்திரி பக்கம் நின்று அந்த யார்டு சிரித்தது அதுதான் கடைசி. ஏனென்றால் முதலாளி சிரிக்கவில்லை. "நீ மேல சொல்லு" என்று சகலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

சகலையின் யோசனை சுலபமானது. மூன்று மூட்டை சிமெண்டு போடும் இடத்தில் ஒரு மூட்டை சிமெண்டு, இரண்டு மூட்டை கசடுத்தூள். இரும்பு உருக்கும் ஆலையில் மிஞ்சும் கசடை அரைத்த வெளிறிய தூள் அது. சும்மா குவிந்து கிடப்பது. அதுவும் சிமெண்டு மாதிரியே இறுகும், ஆனால் ஆற அமர இறுகும்.

முதல் சோதனைக்கு ஆறு துண்டு ஊற்றினார்கள். 'இரண்டு ராத்திரி விட்டு அச்சைப் பிரிக்கவும்' என்று சகலை பலகையில் சாக்பீசால் எழுதிப்போட்டார். மேஸ்திரி பலகையைப் பார்க்கும் பழக்கமில்லாதவர். மறுநாள் ஏழு மணிக்கு வழக்கம்போல அச்சைப் பிரித்தார். ஆறு துண்டுக்கும் விளிம்பு ரொட்டி மாதிரி உதிர்ந்து காலில் விழுந்தது. மேஸ்திரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, தாள்ல எழுதினா கான்கிரீட் கேக்குமா?" என்று முதலாளியிடம் காட்டினார்.

முதலாளி பலகையைக் காட்டினார். "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே. உனக்குக் கண்ணு தெரியாதா, படிக்கத் தெரியாதா?"

முப்பத்தேழு பேர் எதிரில். கம்பி கட்டுகிற பெண்கள் உட்பட. அதைச் சொல்லிவிட்டு முதலாளி சகலையின் தோளில் கைபோட்டுக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே டீ குடிப்பது தெரிந்தது. இன்சார்ஜ் பெரியவர் எங்கோ போயிருந்ததால் நாற்காலி காலி. சகலை அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு வீட்டில் மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த நாற்காலில உக்காந்துட்டான்டி."

"வேற நாற்காலி இல்லாம இருந்திருக்கும்" என்றார் அவர் மனைவி.

"ஸ்டூல் இருக்கு. ரெண்டு ஸ்டூல் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"சரி, உக்காந்தா உக்காந்துட்டுப் போறார். நம்ம வீட்டுப் பிள்ளைதானே?"

"அதான்டி எரியுது. வேற எவனாவது உக்காந்திருந்தா நான் ஏன் கவலைப்படறேன்? நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவன்."

"மெதுவாப் பேசுங்க. சுவரு இருக்கு."

"சுவரு கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

மாடியில் எனக்கே கேட்டது. மறுநாள் காலை கொழுந்தியாள் ஒரு தட்டில் மீன் வறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமாவுக்குப் பிடிக்கும்னு அவர்தான் வாங்கிட்டு வந்தார்க்கா" என்றாள். மேஸ்திரி மீனைத் தொடவில்லை. அவர் மனைவி தின்றார். இரண்டு துண்டை எனக்கும் மாடிக்குக் கொடுத்தனுப்பினார். நன்றாகவே இருந்தது.

இரண்டாவது சோதனைக்குப் பன்னிரண்டு துண்டு. இதில் வென்றால் நாற்காலி யாருக்கு என்று யார்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேஸ்திரி ஒரு முடிவோடு போனார். "இன்னிக்கு மிக்சருக்குத் தீனி போடறது நான். நீங்க அச்சப் பாருங்க" என்று ஆட்களை விலக்கினார். மிக்சர் தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. அங்கே யார் எதைக் கொட்டினாலும் வெளியே தெரியாது. தண்ணீரைக் கூடுதலாக விட்டால் போதும். துண்டு சோடை போய்விடும். அவருடைய திட்டம் அதுதான்.

தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார். அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "கை வரல, கண்டக்டர். இருபத்தாறு வருஷத்துல கெட்ட கலவை போட்டதே இல்ல. என் அச்சுல, என் விரல் வெச்ச துண்டு உதிர்ந்து விழுந்தா அது அவனுக்கா அவமானம்? எனக்குல்ல?"

கெடுக்கவும் மனசு வரவில்லை, சகலை வெல்வதைப் பார்க்கவும் மனசு வரவில்லை. கடைசியில் மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? கசடுத்தூள் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு மூன்றும் சிமெண்டாகவே கொட்டினார். ஒவ்வொரு கலவைக்கும் அப்படியே. கசடுத்தூளைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பள்ளங்களில் கொட்டி மண்ணை இழுத்துவிட்டார். பன்னிரண்டு துண்டிலும் பெருவிரலை அழுத்தினார். அழுத்தும்போது சிரிப்பு வந்ததாம். ஒருவனைக் கவிழ்க்கப் போய், அந்த நகரத்திலேயே உறுதியான பன்னிரண்டு துண்டுகளைச் செய்துவிட்டு வந்த ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வேண்டுமென்றே பிரித்தார். விளிம்பு கத்தி மாதிரி வந்தது. யார்டு கைதட்டியது. முதலாளி சகலையின் முதுகில் தட்டி, "ரெண்டு ராத்திரின்னு சொன்ன, ஒரே ராத்திரில நிக்குதேய்யா!" என்றார். சகலை துண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மேஸ்திரிக்கு ஒரு ரகசியம் கிடைத்தது. சகலையை யார் புகழ்ந்தாலும் இவர் மனசுக்குள், 'புகழுங்கடா, அது என் சிமெண்டு' என்று சொல்லிக்கொள்வார். பொறாமை குறையவில்லை, ஆனால் அதற்குத் தலைசாய்க்க ஒரு தலையணை கிடைத்தது.

அடுத்த வாரமே மேஸ்திரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அச்சுத் தகட்டைத் தூக்கும்போது பளிச்சென்று ஒரு வலி; அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளில், மாநகராட்சிக்குக் காட்ட எதற்கும் இருக்கட்டும் என்று, அவர் இல்லாமலே இன்னொரு பன்னிரண்டு துண்டு ஊற்றினார்கள் என்று கிரேன்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி படுக்கையில் புரண்டார். "என் கை இல்லாமலா? பாக்கலாம்" என்றார்.

அந்த வார முடிவில் எங்கள் சந்துக்குள் ஒரு லாரி நுழைந்தது. பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி. யார்டில் அதற்கு ஒரே அர்த்தம்: சோதனையில் தேறாதது, தள்ளுபடி. சகலைதான் நின்று இறக்கினார். "முதலாளிகிட்ட கேட்டு வாங்கினேன். வீணாப் போறதுக்கு நம்ம சந்துலயாவது போடலாமே" என்று எல்லாரிடமும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரை வைத்து, மேஸ்திரி வீட்டு வாசலில் தொடங்கிச் சந்து முனைவரை பதித்துவிட்டார்.

மேஸ்திரி ஜன்னல் வழியே பார்த்தார். சிவப்புக் குறியைப் பார்த்ததும் இடுப்பு வலி பாதி போய்விட்டது. தன் கை இல்லாமல் ஊற்றிய பன்னிரண்டும் குப்பை! வேறென்ன அர்த்தம்? அன்று மாலையே தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, நடந்துட்டீங்க போல?" என்றேன்.

"வாங்க கண்டக்டர், இதப் பாருங்க. இதுக்குப் பேரு சகலை வடிகால். நான் பத்து நாள் படுத்தேன், லட்சணத்தைப் பாத்தீங்களா? பன்னெண்டுக்குப் பன்னெண்டு ஃபெயிலு."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் ஒட்டவைத்தார். தெருக்கோடி வீட்டுக்காரர், தையல்காரர், பேப்பர் போடுகிறவர், ஒருவரை விடவில்லை. "பாத்துக் காலை வைங்க, சகலை வடிகாலு, உதிர்ந்துடும்" என்பார். சகலை அந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்வார். சகலை ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சில சமயம் லேசாகச் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பை மேஸ்திரி தோற்றவனின் அசட்டுச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இடுப்பு தேறி யார்டுக்குத் திரும்பினால், பழைய இடத்தில் பன்னிரண்டு துண்டுகள் அடுக்கி நின்றன. தன்னுடையவை பத்திரமாக இருக்கின்றன என்று அவற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து, மாநகராட்சிப் பொறியாளர் அம்மா நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவும் தங்கையும் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்தம்மா ஒரு துண்டை உடைச்சுப் பாப்பாங்களாம்க்கா" என்றாள் கொழுந்தியாள். "கசடு கலந்திருந்தா உள்ளுக்குள்ள நீலமா இருக்குமாமே, பச்சையும் நீலமுமா. காத்துப் பட்டா கொஞ்ச நாள்ல போயிடுமாம். வெறும் சிமெண்டுன்னா சாம்பல் நிறம்தானாம். அவர் சொன்னார்."

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் வந்தது சந்தோஷம்தான்; அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. நாளைக்கு உடைப்பார்கள், சாம்பல் நிறம் தெரியும், சகலை ஏமாற்றுக்காரன் என்று எல்லார் முன்னிலையிலும் நிற்பான். அதன் பிறகுதான் மற்றது புரிந்தது. ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் யார்டு நிற்கும்.

உள்ளே வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

கால்மணியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா. நாப்பது பேரு சோறு அது."

"நான் கெடுக்கலடி. நல்லாத்தான் செஞ்சேன்."

"நல்லா செஞ்ச லட்சணம்! எம் தங்கச்சி புருஷன் நாளைக்குக் கூனிக் குறுகி நிக்கணும், அத நீங்க வேடிக்கை பாக்கணும். எழுந்திருங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க. ராத்திரியோட ராத்திரியா ஏதாவது வழி பண்ணுவார்."

"சொல்லாட்டி?"

"நான் போய்ச் சொல்லுவேன். அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்கு நான் சோறு போட மாட்டேன்."

மேஸ்திரி எழுந்து போனார். பின்கதவுவரை பதினைந்து அடி. கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே கொழுந்தியாள் குரல்.

"அந்த நாற்காலில உக்காந்தப்புறம் மாமாவ எப்படிக் கூப்பிடுவீங்க? யோவ் மேஸ்திரின்னா?"

ஒரே சிரிப்பு. சகலையும் சிரித்தார். எந்தப் புருஷன் பெண்டாட்டியும் சிரிக்கிற சாதாரணச் சிரிப்புதான். ஆனால் மேஸ்திரியின் தூக்கிய கை கீழே இறங்கிவிட்டது. அங்கேயே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பாத்துக்கறேன்னான்."

மனைவி அவர் தட்டில் சோறு போட்டு, முட்டை ஒன்று கூடுதலாக வைத்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பொறியாளர் அம்மா வந்தார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் வானம் மூடிக்கொண்டிருந்தது. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டைத் தானே விரல் நீட்டிக் காட்டினார். கிரேன் அதைத் தூக்கி வைத்தது. சம்மட்டிக்காரர் நான்கு அடி அடித்தார். மேஸ்திரி கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிற முகத்தை ஒரு நொடிகூடத் தவறவிடக் கூடாது என்று.

ஐந்தாவது அடியில் சுவர் பிளந்து விழுந்தது. பார்த்தவர்கள் "ஓ" என்றார்கள். உள்ளே மயில்கழுத்து நிறம். நீலமும் பச்சையும் கலந்து, ஈரமாக, அப்போதுதான் பூசியதுபோல.

பொறியாளர் அம்மா குனிந்து தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். "யார் ஊத்தினது?"

சகலை திரும்பி மேஸ்திரியைக் காட்டினார். "அச்செல்லாம் அண்ணனோடதுங்க. அவர் பழக்கிவிட்ட ஆளுங்கதான் ஊத்தினாங்க."

அந்த அம்மா மேஸ்திரிக்குக் கைகொடுத்தார். கையில் சிமெண்டு ஒட்டும் என்று இவர் இழுத்துக்கொண்டார். ஆர்டர் கிடைத்தது. நாற்காலியும் அன்று மாலையே சகலைக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மேஸ்திரி யாரிடமும் பேசாமல் அடுக்குக்குப் பின்னால் போனார். உடைந்த துண்டின் அடிப்பாகம் கவிழ்ந்து கிடந்தது. தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. விரல் பள்ளம் இல்லை. பக்கத்தில் நிழல் விழுந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றார் மேஸ்திரி, நிமிராமல்.

"ஏழாம் நாள் கட்டைய நசுக்கினப்பவே தெரியும்ணே. சாம்பலா இருந்துச்சு. பாரமும் கணக்குக்கு மேல தாங்குச்சு. நீங்க இடுப்புப் புடிச்சுப் படுத்ததும் மறுபடி ஊத்திட்டேன். ரெண்டு ராத்திரி ஈரச் சாக்குப் போட்டு மூடி வெச்சேன். வந்துருச்சு."

"அப்ப என் துண்டு?"

சகலை எங்கள் சந்து இருக்கும் திசையைப் பார்த்தார். மேஸ்திரிக்குத் தன் வீட்டு வாசலும், அதில் வரிசையாக இருக்கும் சிவப்புக் குறிகளும் கண்ணில் வந்து நின்றன.

"முதலாளிகிட்ட ஏன்டா சொல்லல? சொல்லியிருந்தா என்னை அன்னிக்கே துரத்தியிருப்பாரே. பெரிய மனுஷத்தனமா?"

"அதெல்லாம் இல்லண்ணே." சகலை முதல்முறையாகப் பலகையைக் கீழே வைத்தார். "நான் இந்த யார்டுக்கு வந்து ஆறு வருஷம். என்ன செஞ்சாலும் மேஸ்திரி சேத்துவிட்ட பையன்னுதான் பேரு. என் பொண்டாட்டியே, மாமா இல்லாட்டி நீங்க எங்கன்னுதான் கேப்பா. நீங்க உள்ள வந்தா யார்டே எழுந்து நிக்கும். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? உங்க துண்டுல என் கையால குறி போட்டேன். பன்னெண்டுலயும். கொண்டுபோய் உங்க வாசல்லயே போட்டேன். நீங்க தினம் அதக் காட்டி என்னைக் கிண்டல் பண்ணப்பல்லாம்..." நிறுத்திவிட்டார்.

"சிரிச்சியே, அதா?"

"அதான்."

மேஸ்திரி என்னிடம் சொன்னார்: அவன் பெரிய மனசோடு மன்னித்திருந்தால் அன்றைக்கே ரயில் ஏறி எங்காவது போயிருப்பாராம். இவனுக்கும் வயிறு எரிந்திருக்கிறது என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்ததாம். நான்கு மாதத்தில் முதல்முறையாக அந்த ஆள் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது என்றார். ஆனால் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் மலர்ச்சி. "நீங்க வாய் திறந்து சொன்னதாலதானே அவர் சரி பண்ணினார். நாப்பது பேரு வேலையக் காப்பாத்திட்டீங்க" என்றார். மேஸ்திரி கால் கழுவிக்கொண்டே இருந்தாராம், வெகுநேரம்.

இதையெல்லாம் மேஸ்திரி என்னிடம் சொன்னது மூன்று வாரம் கழித்து, வருடத்தின் முதல் பெருமழை அன்று. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்தது, நான்கு மணிவரை விடவில்லை. பஸ் ஓடவில்லை, நான் வீட்டில் இருந்தேன். மாடி ஜன்னலில் நின்று சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு எதுவும் மிதக்கவில்லை. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வடிகாலில் ஓடியது. தெருக்கோடி வீட்டுக்காரர் குடையோடு வந்து பின்பக்க ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி! உங்க வடிகால் காப்பாத்திடுச்சு! பதினாறு வருஷத்துல மொதத் தடவையா வீட்டுக்குள்ள தண்ணி வரல!"

"நல்லதுங்க" என்று சகலை உள்ளிருந்தே பதில் சொன்னார். மறுக்கவில்லை.

தையல்காரர் வந்தார். "சகலை வடிகால்னு சும்மா சொன்னாங்க. லாரி விளிம்புல ஏறி இறங்குது, ஒரு கீறல் இல்லையே!"

"நல்லதுங்க."

படியில் தடதடவென்று சத்தம். மேஸ்திரி தலை நனைய மேலே வந்தார். மூச்சு வாங்கியது. நான் தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். சும்மா இருக்காமல், "சகலை வடிகால் பரவாயில்லையே மேஸ்திரி, உதிரவே இல்லையே?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். துண்டைத் தலையில் போட்டபடியே, கொட்டகையிலிருந்து ஆரம்பித்து இவ்வளவையும் சொன்னார். தான் செய்தது குற்றம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மனைவியிடம் சொன்ன பொய்யைக்கூட மறைக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்னுது, கண்டக்டர். பன்னெண்டும் என்னுது. மூணு மூட்டையும் சிமெண்டு. அடியில என் விரல் இருக்கு. மழை விட்டதும் கடப்பாரையப் போட்டு ஒண்ணைப் பேத்துக் காட்டறேன், வந்து பாருங்க."

"வேணாம் மேஸ்திரி. நான் நம்பறேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்கு நான் போய்ச் சொல்லவே இல்லன்னு எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"சொல்ல மாட்டேன்."

எழுந்து படிவரை போனார். கீழே தையல்காரர் இன்னும் சகலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மேஸ்திரி கைப்பிடியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தையக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடறீங்களா?"